சிவப்பு காரின் பின்மூடி

லாரியிலிருந்து அந்தச் சிவப்பு காரை இறக்கும்போது வெள்ளிங்கிரி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ரெண்டே சீட்டு உள்ள வண்டி. மேலே தகரக் கூரை கிடையாது, துணிதான். நம்பரைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. இடது பக்க மட்கார்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல். அது எந்தக் கேட்டில் இடித்து வந்தது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

சோப்பு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"என்னண்ணா?" என்றார் இதாயத் பாய்.

"ஒண்ணுமில்லீங்க பாய்."

பாயின் பட்டறை போத்தனூர் ரோட்டில் இருக்கிறது. புது வண்டிகளை அவர் தொடுவதில்லை. மற்றவர்கள் கைவிட்ட பழைய வண்டிகள்தான் அவரிடம் வரும். வெள்ளிங்கிரியைவிட பாய் வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் இங்கே பாய்தான் குரு, வெள்ளிங்கிரி சிஷ்யன். ஊரில் இருக்கிற லாரிப் பட்டறை ஒவ்வொன்றிலும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, ஐம்பதைத் தாண்டிய பிறகு இங்கே வந்து சேர்ந்தவர் வெள்ளிங்கிரி. வந்த அன்றைக்கு பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தெரியலைன்னு சொல்ல வருமா உங்களுக்கு?"

"வருமுங்க."

"அப்ப நாளையிலிருந்து வாங்க."

சுலபமான கேள்வி என்று அன்றைக்கு வெள்ளிங்கிரி நினைத்தார்.

லாரிக்காரன் சேதி சொன்னான். காரின் சொந்தக்காரர் கஜேந்திரன், பழைய மில் முதலாளி. வண்டியை விற்கப் போகிறார். வாங்குகிற ஆள் ஒரே ஒரு விஷயம் கேட்கிறானாம். பின்னால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறதா, இல்லையா. முதலாளி இல்லை என்று சொல்லியும், ஒரு மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறானாம்.

"அதை மட்டும் பார்த்துச் சொன்னாப் போதுமாம் பாய். சாயங்காலம் முதலாளியே வர்றாராம்."



கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். ரெண்டையும் அதனதன் வேகத்தில் ஓட விடுவது பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். சாதா டிஃபரன்ஷியலுக்கு ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் எஞ்சின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். தரையைப் பிடித்திருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். பந்தயக் கார்களில் அதற்காக உள்ளே தகடுகளை அடுக்கியிருப்பார்கள். ஒரு சக்கரம் அளவுக்கு மேல் வழுக்கினால் தகடுகள் இறுகி, மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதுதான் லிமிடெட் ஸ்லிப். வெளியே இருந்து பார்த்தால் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குக் கிளம்பினார்.

"நான் வர்றதுக்குள்ள பின்பக்கம் ஜாக்கி மட்டும் போட்டு வைங்கண்ணா. வேற எதையும் தொட வேண்டாம்."

"சரிங்க பாய்."

பாயின் ஸ்கூட்டர் சத்தம் மறையும் வரை வெள்ளிங்கிரி நின்றார். பிறகு ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். குனிந்து பார்த்தார். பின் அச்சின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல அந்த மூடி. அதன் போல்ட் ஒன்றில் தொங்கிய தகர வில்லை இன்னும் அங்கேயே இருந்தது. லிமிடெட் ஸ்லிப் என்று அதில்தான் அடித்திருக்கும்.

அந்த வில்லையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் நேற்று நடந்தது போல இருந்தது. எவன் எப்போது என்ன சொன்னான் என்பது வெள்ளிங்கிரிக்கு மறக்காது. மில் கேட்டை விட்டு வெளியே வந்தபோது யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட மறக்கவில்லை. அந்தச் சிரித்த ஆட்களில் பாதிப் பேர் செத்துப் போனார்கள். அவர்கள் எழவுக்கும் அவர் போகவில்லை.

அவரும் அவர் பொண்டாட்டியின் தம்பி கனகசபையும் அந்த மில்லின் மோட்டார் ஷெட்டில் வேலை செய்தார்கள். வெள்ளிங்கிரி மேஸ்திரி. ஒரு வருஷம் பந்தயத்துக்கு முன்னால் காரின் பின் சக்கரத்தில் எண்ணெய் கசிந்தது. வெள்ளிங்கிரி ஒரு பக்கத்தைச் சரி செய்துவிட்டு மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனார். மறு பக்கத்தை கனகசபை தனியாகச் செய்தான்.

பந்தயத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஒற்றைச் சக்கரம் வழுக்கிப் புகைந்தது. காரை ஓட்டிய கஜேந்திரன் கடைசியாக வந்தார். ஷெட்டுக்குத் திரும்பியதும் காரைத் தூக்கி நிறுத்தி, எல்லார் முன்னாலும் ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். உள்ளே தகடு இருந்தால் மற்றச் சக்கரமும் அதே பக்கம் சுற்ற வேண்டும். அது எதிர்ப்பக்கம் சுற்றியது.

"உள்ள இருந்ததைக் கழட்டி வித்துப்போட்டு, சாதாவை மாட்டி வெச்சிருக்கறான். வில்லையை மட்டும் மறக்காம தொங்க விட்டிருக்கறான்."

அதைச் சொல்லும்போது முதலாளி பார்த்தது வெள்ளிங்கிரியை. சாயங்காலத்துக்குள் சாமான் வரவில்லை என்றால் போலீசுக்கு ஆள் போகும் என்றார். வெள்ளிங்கிரி குழந்தை மேல் சத்தியம் செய்தார். யாரும் கேட்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கனகசபை முதலாளி முன்னால் போய் நின்றான்.

"நான்தானுங்க எடுத்தேன். மச்சானுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

ஸ்டேஷனில், யாருக்கு விற்றாய் என்று கேட்டு அடித்தார்கள். அவன் யார் பேரையும் சொல்லவில்லை. அந்த அடியில் அவனுக்கு இடது காது போனது. வெள்ளிங்கிரி ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. திருடனோட மச்சான் என்று அவரையும் மில்லை விட்டு வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து கனகசபை என்ற பேரை அவர் வாயால் சொல்வதில்லை. அவன் என்பார். அவன் சூலூரில் பஞ்சர் கடை போட்டிருக்கிறான். வெள்ளிங்கிரி அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதில்லை.

ஜாக்கி ஏறியது. ரெண்டு பின் சக்கரங்களும் தரையை விட்டு எழும்பின. முட்டுக் கொடுத்தார். கியரை நியூட்ரலில் தள்ளினார்.

வேற எதையும் தொட வேண்டாம் என்று பாய் சொல்லியிருந்தார். வெள்ளிங்கிரி ரோட்டைப் பார்த்தார். பனியனில் கையைத் துடைத்தார். 

வலது சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினார்.

இடது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது.

இன்னொரு தரம் சுற்றினார். அப்படியேதான்.

பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். நான் சொன்னது சரி, அவன் திருடன்தான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சந்தோஷம் வரவில்லை. சாயங்காலம் முதலாளி வருவார். பாய் முன்னால் வைத்து, பாருங்க பாய், அன்னைக்கு இவங்க ரெண்டு பேரும் பண்ணின வேலை என்பார். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் இன்னும் மோசம்.

செல்போன் அடித்தது. பொண்டாட்டி ருக்மணி.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. என்ன சொல்லு."

"புதன்கிழமை கல்யாணம். இன்னும் எந்தம்பிக்குப் பத்திரிகை வெக்கலை."

"அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொல்லியிருக்கறேன்."

"பெரியவ கல்யாணத்துல பெரியப்பா மகனை நிறுத்தி தாய்மாமன் மாலை போட வெச்சீங்க. நான் வாயைத் திறக்கலை. சின்னவளுக்காச்சும் சொந்த மாமன் போடட்டுமே. நான் உங்ககிட்ட நகை கேட்டனா, நட்டு கேட்டனா? ஒரு தட்டுல வெத்தலை பாக்கு. அதுமேல ஒரு பத்திரிகை."

"நம்மளைத் தலை குனிய வெச்சவன் அவன்."

"உங்களைத்தான் வெச்சான். எனக்குத் தலை அப்படியேதான் இருக்குது."

போனை வைத்துவிட்டாள். எப்போதும் அவர்தான் முதலில் வைப்பார்.

பாய் வந்தபோது வெள்ளிங்கிரி அதே டயர் மேல் இருந்தார். பாய் தொப்பியைக் கழற்றி மடித்து மேல் பையில் வைத்தார். நியூட்ரலில் கிடந்த கியரைப் பார்த்தார். தூசி படிந்த வலது டயரில் புதிதாகப் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தார்.

"ஜாக்கி போடச் சொன்னா ஜோசியம் பார்த்திருக்கீங்க."

வெள்ளிங்கிரி எழுந்து நின்றார்.

"கை சும்மா இருக்கலீங்க பாய்."

"என்ன சொல்லுச்சு?"

"இதைச் சுத்துனா அது எதிர்ப்பக்கமாச் சுத்துதுங்க. அப்படீன்னா உள்ள தகடு இல்லைதானுங்களே?"

பாய் இரும்புக் கழிவுக் கூடையைக் கிளறி ரெண்டு பழைய கிளட்ச் தகடுகளை எடுத்தார். ரெண்டும் தேய்ந்து முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பானவை. ஒன்றை மேஜை மேல் வைத்தார். அதன் மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டார். மற்றதை மேலே வைத்தார்.

"மேல இருக்கறதைச் சுத்துங்க."

வெள்ளிங்கிரி சுற்றினார். மேல்தகடு சுற்றியது. கீழ்த்தகடு அசையவில்லை.

"கீழ என்ன இருக்குது?"

"தகடுங்க."

"அது சுத்தலையே."

"சுத்தலைன்னா? அது அங்கதானே..."

வெள்ளிங்கிரி பாதியில் நிறுத்தினார். மேஜை மேல் இருந்த விரல்களை மெல்ல எடுத்துக்கொண்டார்.

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வண்டியை உங்களுக்கு முன்னாடியே தெரியும் போல இருக்குது."

வெள்ளிங்கிரி சொன்னார். மில், பந்தயம், சக்கரத்தைச் சுற்றிக் காட்டியது, ஸ்டேஷன், ஒன்று விடாமல் சொன்னார். இத்தனை வருஷத்தில் பலரிடம் சொல்லிப் பழகிய கதை அது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பாய் உச்சுக் கொட்டவில்லை. அதனால் கதை சரியாக ஓடவில்லை.

"வண்டி மெதுவாத் திரும்பும்போது பின்னாடி சத்தம் வருமா?" என்று கேட்டார் பாய்.

"முன்னாடி வருமுங்க. கேட்டுக்குள்ள திருப்பும்போது கடகடன்னு. அப்புறம் அந்த வருஷம் அதுவா நின்னுபோச்சுங்க. முதலாளிகூட, நல்லாப் பண்ணியிருக்கீங்கடான்னாரு."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்ணலீங்க."

பாய் மேஜையில் இருந்த வழவழத் தகட்டைப் பார்த்தார். வெள்ளிங்கிரியும் பார்த்தார்.

"முதலாளி சக்கரத்தைச் சுத்திக் காட்டுனப்ப, மூடியைத் திறந்து பார்க்கலாம்னு யாருமே சொல்லலையா?"

"அவன் சொன்னானுங்க. திருட்டுக் கை இன்னொரு தரம் என் வண்டியைத் தொடக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"யார் சொன்னது, திறக்கலாம்னு?"

"அவன்தானுங்க."

"திருடுன ஆளா?"

வெள்ளிங்கிரி தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகத் தெரியாதவர் போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம் அவனே ஒத்துக்கிட்டானுங்களே பாய்."

"எப்ப?"

"போலீஸ் வரும்னு சொன்னதுக்கு அப்புறமா."

"யாரைப் பிடிக்க வர்ற போலீஸ்?"

வெள்ளிங்கிரி பாட்டிலைக் கீழே வைத்தார்.

பாய் எழுந்து, எண்ணெய் பிடிக்கிற தட்டைக் காருக்கு அடியில் தள்ளினார். ஸ்பேனரை வெள்ளிங்கிரியிடம் நீட்டினார்.

"மூடியைக் கழட்டுங்க."

"மூடிக்கு அடியில ஆயில் கசியாம வெச்சிருக்கற பேக்கிங் கிழிஞ்சு போயிருமுங்க பாய். இந்த வண்டிக்குக் கிடைக்காது."

"அட்டையில நான் வெட்டித் தர்றேன்."

"ஆயிலெல்லாம் வீணாப் போகும்."

"புதுசு இருக்குது."

"போல்ட்டெல்லாம் துருப் பிடிச்சிருக்குதுங்க. உடைஞ்சாலும் உடையும்."

"எண்ணெய் விட்டு மெல்லத் திருப்புங்க."

வெள்ளிங்கிரி ஸ்பேனரை வாங்கவில்லை.

"வேண்டாமுங்க பாய். இல்லைன்னு சொல்லி அனுப்பிரலாம். அவங்க வித்துட்டுப் போகட்டும்."

"யாருக்கு வேண்டாம்?"

பாய் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையில் பதில் தெரியாதவர் கேட்பது போலத்தான் கேட்டார்.

வெள்ளிங்கிரி ஸ்பேனரை வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

முதல் போல்ட் சுலபமாக வந்தது. அடுத்தது முரண்டு பிடித்தது. தகர வில்லை தொங்கிய போல்ட்டைக் கழற்றும்போது அந்த வில்லை அவர் நெஞ்சின் மேல் விழுந்தது. எடுத்து ஓரமாக வைத்தார். ஸ்பேனர் ரெண்டு தரம் நழுவி முகத்துக்கு அருகில் வந்தது.

உள்ளே அந்தச் சாமான் இருந்துவிட்டால் அவர் திருடன் இல்லை. அது அவருக்கு எப்போதும் தெரியும். உலகத்துக்குத்தான் தெரியாது. எத்தனை ராத்திரி இதற்காகத் தூக்கம் கெட்டிருக்கிறார். இப்போது ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப, வேறொன்று அவர் மேல் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்துவிட்டால் அவனும் திருடன் இல்லை.

இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். மாரியம்மன் பேரைச் சொல்லி வேண்டினார். சொன்ன பிறகுதான் தான் எதை வேண்டினோம் என்று உறைத்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"என்னண்ணா, சத்தத்தைக் காணோம்?"

"கடைசி போல்ட்டுங்க பாய்."

"இருங்க. ஆயில் வடியட்டும்."

மூடி கொஞ்சம் விலகியது. எண்ணெய் கருப்பாக, தார் போல இறங்கியது. புகைந்த வாடை அடித்தது. வடிந்து சொட்டுச் சொட்டாகும் வரை ரெண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு வெள்ளிங்கிரி மூடியை எடுத்துக் கீழே வைத்தார். பாய் டார்ச்சைக் கொடுத்தார்.

சாதாவாக இருந்தால் உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் திறந்தவெளியில் தெரியும். தெரியவில்லை. கனமான இரும்புக் கூடு ஒன்று இருந்தது. அதன் பக்கவாட்டுச் சந்துகளில், அடுக்கி வைத்த காசுகளின் ஓரம் போல வரிசையாகத் தகடுகள். வெள்ளிங்கிரி விரலை விட்டுத் தொட்டார். அடுக்கு இறுக்கமில்லாமல் லொடலொடவென்று ஆடியது. தேய்ந்து, எரிந்து, ஒன்றுக்கும் ஆகாமல் போயிருந்தன. ஆனால் இருந்தன.

அவர் கீழேயிருந்து வெளியே வரவில்லை. டார்ச் வெளிச்சம் அதே இடத்தில் நின்றது.

"அண்ணா?"

"இருக்குதுங்க பாய்."

பாய் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குனிந்து பார்க்கவில்லை.

"யாருக்கு வித்தேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க பாய்," என்றார் வெள்ளிங்கிரி காருக்கு அடியிலிருந்து. "கடைசி வரைக்கும் அவன் யார் பேரையும் சொல்லலை. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? பாரு, காது போனாலும் கூட்டாளியைக் காட்டிக் குடுக்க மாட்டேங்கறான்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

எண்ணெய் ஒரு சொட்டு தட்டில் விழுந்தது.

"சொல்றதுக்கு அவன்கிட்டப் பேரே இல்லை பாய்."

பாய் கையை நீட்டினார். வெள்ளிங்கிரி அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் கஜேந்திரன் வந்தார். மெலிந்து, கைத்தடி ஊன்றி, முகத்தில் பாதி கண்ணாடியாக வந்தார். இந்த நாளுக்கு என்று வெள்ளிங்கிரி வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. அத்தனையும் சுத்தமான, நறுக்கென்ற வார்த்தைகள். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

பாய் டார்ச் அடித்துக் காட்டினார். முதலாளியால் குனிய முடியவில்லை. பாய் முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே பிடித்து அதில் பார்க்க வைத்தார்.

"உள்ளதான் இருக்குது. தகடெல்லாம் தேஞ்சுபோச்சு. அதனால சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்துது."

"எப்ப தேஞ்சது?"

"சத்தம் நின்னப்பவே."

கஜேந்திரன் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுத் தகடு கிடைக்குமா பாய்?"

"வரவழைக்கலாம்."

"அப்ப இருக்குதுன்னு சொல்லிரலாம், வாங்கறவன்கிட்ட."

"இருக்குது, தேஞ்சிருக்குதுன்னு சொல்லுங்க."

முதலாளி தலையாட்டினார். திரும்பும்போதுதான் வெள்ளிங்கிரியைச் சரியாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ மேஸ்திரிதானே?"

"ஆமாங்க."

"கூட ஒருத்தன் இருந்தானே. நான்தான் எடுத்தேன்னு வந்து ஒத்துக்கிட்டானே. எடுக்காததை எதுக்கு எடுத்தேன்னு சொன்னான்? பைத்தியக்காரன்."

"அவன் பேரு கனகசபைங்க," என்றார் வெள்ளிங்கிரி.

அந்தப் பேரைச் சொல்லி நாளாகிவிட்டதால் அது வாயில் புதுசாக இருந்தது.

முதலாளி எதையோ சொல்ல வந்தவர் போலக் கைத்தடியைத் தரையில் ரெண்டு தரம் தட்டினார். பிறகு, "பார்த்துக்க பாய்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். வெள்ளிங்கிரி காத்திருந்தது இதற்காகத்தான் என்றால் அது இவ்வளவுதான்.

பாய் அட்டையை மூடியின் மேல் வைத்து, ஓரம் தடவிப் பேக்கிங் வெட்ட ஆரம்பித்தார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளிங்கிரி தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். எண்ணெய் போகவில்லை. மறுபடியும் சோப்புப் போட்டார்.

"புதன்கிழமை சின்னவ கல்யாணமுங்க பாய்."

"தெரியும். பத்திரிகை குடுத்தீங்களே."

"இன்னும் ஒண்ணு வெக்க வேண்டியிருக்குதுங்க. சூலூர்ல."

"சாவியை எடுத்துக்குங்க. ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்குது."

வெள்ளிங்கிரி சாவியை எடுக்கவில்லை. ஈரக் கையோடு நின்றார்.

"அவன் கதவைச் சாத்திட்டான்னா?"

கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"அவன் பொண்டாட்டி வந்து ஏதாச்சும் கேட்டாள்னா? கேக்கறதுக்கு அவளுக்கு எவ்வளவோ இருக்குது. அவன் ஒண்ணுமே சொல்லாம, வாங்க மச்சான்னு சேரை எடுத்துப் போட்டான்னா நான் என்ன பண்றதுங்க? அதை நினைச்சாத்தான் இன்னும் பயமா இருக்குது."

பாய் வெட்டிய அட்டையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலைண்ணா," என்றார்.

வெள்ளிங்கிரி அவரையே பார்த்தார்.

"நான் அங்க போய் என்னன்னு பாய் சொல்றது? எப்படி ஆரம்பிக்கறது?"

பாய் அட்டையைக் கீழே வைத்தார்.

"அவருக்கு எந்தக் காது கேக்கும்?"

"வலது காதுங்க."

"அந்தப் பக்கமா உக்காருங்க."